தாழ்மையில் தொண்ணூற்றெட்டு

எங்கள் சபை மூப்பர் ஒரு டயர் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று தொழிலாளர்கள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டபோதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வாழ்நாள் முழுவதும் டயர்களை அழுத்தியும் உருட்டியும் குத்தியும் பார்த்து ‘தேறியது’, ‘தேறவில்லை’ என்று முத்திரை போட்ட மனிதர், ஒரு திங்கட்கிழமை காலையில் முத்திரை போட எதுவும் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் மைக்கைப் பிடித்தார்.

“பிரியமானவங்களே, ஒரு டயர் ரோட்டுக்குப் போகணும்னா அதுக்கு முன்னாடி எத்தனை சோதனை தெரியுமா? பரலோகத்துக்குப் போற நமக்கு என்ன சோதனை இருக்கு? வர்றோம், பாடுறோம், பிரசங்கத்துல தூங்குறோம், எழுந்து போறோம். யாரு முதிர்ச்சி அடைஞ்சிருக்கா, யாரு அடையலைன்னு எப்படித் தெரியும்? கடவுளுக்குத் தெரியும்னு சொல்லுவீங்க. அவருக்குத் தெரிஞ்சா போதுமா? கமிட்டிக்குத் தெரிய வேண்டாமா?”

பாஸ்டர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சாது. யாராவது உரக்கப் பேசினால் அது தீர்க்கதரிசனமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு உட்கார்ந்துவிடும் பழக்கம் அவருக்கு உண்டு. உட்கார்ந்துவிட்டார்.

இப்படித்தான் ‘ஆவிக்குரிய முதிர்ச்சி மதிப்பீட்டுக் குழு’ பிறந்தது. குழந்தைகளுக்குப் பால், தேறினவர்களுக்குப் பலமான ஆகாரம் என்ற வேதவசனத்தை வைத்து விசுவாசிகள் மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டார்கள். கீழே இருப்பது பால் படி. அதற்கு மேல் மசியல் படி. உச்சியில் பலமான ஆகாரப் படி. பாலுக்கு வெள்ளை ரிப்பன், மசியலுக்கு மஞ்சள், பலமான ஆகாரத்துக்குச் சிவப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சில் குத்திக்கொண்டு வரவேண்டும்.

மூப்பர் முதலில் தன்னையே சோதித்துக்கொண்டார். அப்போது சபையில் வேறு யாருக்கும் சோதிக்கத் தெரியாது. முடிவை அவரே அறிவித்தார்.

“தாழ்மையில எனக்கு நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு. அந்த ரெண்டு மார்க்கும் கிடைக்காம போகல. நானாத்தான் விட்டுக்கொடுத்தேன். முழு மார்க் போட்டுக்கிறது பெருமை மாதிரி தெரியுமேன்னு.”

கை தட்டினோம். அன்று முதல் அவருக்கு ‘டயர் மூப்பர்’ என்று பெயர் வந்தது. அவர் முகத்துக்கு முன்னால் யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

இந்தக் கதை அவரைப் பற்றியது அல்ல. கிளட்ச் மாஸ்டரைப் பற்றியது. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய காரில், நடுங்கும் கைகளோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை “கிளட்ச்! கிளட்ச்! கிளட்சை விடுங்க!” என்று கத்துவது அவர் தொழில். வீட்டில் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவர். ஒரே மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். மகளுக்கும் ஒரு எலெக்ட்ரீஷியன் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, தேதியும் குறித்தாயிற்று. பாஸ்டர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது மாஸ்டர் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மாஸ்டர், ஒரு புது விதி வந்திருக்கு. பெண்ணைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வர்றவர் குறைஞ்சது மசியலாவது இருக்கணுமாம்.”

“நான் அவ அப்பாங்க.”

“அதை நான் சொன்னேன். அது உறவுமுறை, தகுதி இல்லைன்னுட்டார்.”

சோதனை, பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் பின்னறையில் நடந்தது. மேசைக்குப் பின்னால் டயர் மூப்பர். பக்கத்தில் பல் டாக்டர். சந்தோஷத்தை அளப்பது அவர் பொறுப்பு.

“சிரிங்க,” என்றார் பல் டாக்டர்.

மாஸ்டர் சிரித்தார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“சந்தோஷம் சுமார்தான். கடைவாய்ப் பல்லு வரைக்கும் போகல. அந்தப் பல்லை எடுத்துடறது நல்லது. அது சந்தோஷத்துக்கு இல்ல, பொதுவா சொல்றேன்.”

அடுத்து நீடிய பொறுமை. இதற்காக ஓய்வு பெற்ற ஒரு நில அளவையாளரை அழைத்து வந்து எதிரில் உட்கார வைத்தார்கள். தனக்குப் பித்தப்பையில் கல் எடுத்த கதையை அவர் சொல்வார். கேட்பவர் முகம் மாறக் கூடாது. அளவையாளர் தொடங்கினார். வலி வந்த நாள் செவ்வாயா புதனா என்று தன்னோடு தானே விவாதித்தார். செவ்வாய் என்று முடிவு கட்டி, பிறகு மேல்முறையீடு செய்தார். ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார், வழியில் ஒரு நண்பரைச் சந்தித்தார், நண்பரின் மைத்துனர் வாங்கிய மனையின் எல்லைத் தகராறுக்குள் நுழைந்தார், வெளியே வந்து, மறுபடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றார். கேட் எந்தப் பக்கம் திறக்கும் என்று யோசித்தார்.

மாஸ்டரின் இடது கால் தானாகத் தரையை மிதித்தது.

“கிளட்சை விடுங்க சார்!” என்று கத்திவிட்டார். “கியர் போடுங்க! பின்னாடி வண்டி நிக்குது!”

டயர் மூப்பர் வருத்தத்தோடு குறித்துக்கொண்டார். எழுதும்போது அவர் முகத்தில் பழைய தொழிற்சாலை மகிழ்ச்சி தெரிந்தது என்று பல் டாக்டர் பிற்பாடு சொன்னார்.

“போகட்டும். அடுத்தது அன்பு. உங்க எதிரி யாரு?”

“எதிரியா? அப்படி யாரும் இல்லீங்க ஐயா.”

“எதிரியே இல்லாம எதிரியை எப்படி நேசிப்பீங்க? பெரிய கேள்வியே இதுதான் தம்பி.”

“சண்டை போட நேரமில்லீங்க. விடிஞ்சா வண்டி எடுக்கணும்.”

“சோம்பல்,” என்று சொல்லிக்கொண்டே எழுதினார் மூப்பர். “பரவாயில்ல. எதிரி இல்லாதவங்களுக்குக் கமிட்டியே எதிரி ஒதுக்கித் தருது. உங்களுக்கு நம்ம மைக்செட்காரர். ஒரு வாரம் பகைச்சுட்டு, அப்புறம் நேசிச்சுட்டு வாங்க.”

மைக்செட்காரர் நல்ல மனிதர். இருவரும் டீக்கடையில் உட்கார்ந்து பகைக்குக் காரணம் தேடினார்கள்.

“நீங்க என்னைப் பத்தி ஏதாவது தப்பாச் சொல்லுங்களேன்,” என்றார் மாஸ்டர்.

மைக்செட்காரர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். “உங்க மீசை ஒரு பக்கம் இறங்கியிருக்கு.”

“அது எனக்கே தெரியுமே. என் வீட்டுக்காரி தினம் சொல்றா.”

“அப்ப நீங்க என்னைச் சொல்லுங்க.”

“போன வாரம் பிரசங்கத்துல மைக் கீச்சுன்னு கத்துச்சே.”

“ஆமா. நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு இருந்தேன்.”

இதற்கு மேல் போக வழி தெரியவில்லை. டீக்குக் காசு யார் கொடுப்பது என்பதில் கொஞ்சம் இழுபறி வந்தது. இருவர் முகத்திலும் நம்பிக்கை மின்னியது. ஆனால் கடைக்காரர் இருவரிடமும் வாங்கிக்கொண்டு விஷயத்தை முடித்துவிட்டார். அந்த வாரக் கடைசியில் மைக்செட்காரர் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்.

கமிட்டி ஏற்கவில்லை. “பகைக்காம நேசிச்சிருக்காங்க. வரிசை தப்பு,” என்றார் மூப்பர். “அஸ்திவாரமே இல்லாம கூரை போட்ட மாதிரி.”

எதிரிக்கு இப்படி ஒரு கிராக்கி வந்ததில், சபையில் யாரோடும் ஒத்துப்போகாத ஒரு சண்டைக்கார அக்காவுக்குப் பொற்காலம் பிறந்தது. வீட்டுக்கு வீடு அழைப்பு. “எங்களை ஒரு வார்த்தை திட்டிட்டுப் போங்கக்கா” என்று கெஞ்சினார்கள். மூன்றே வாரத்தில் அக்காவுக்கு எல்லோரையும் பிடித்துப்போய், திட்ட வராமல் திணறி, தொழிலே கெட்டுவிட்டது.

முடிவு வந்தது. மாஸ்டர், பால். அவர் மனைவி, பலமான ஆகாரம்.

“நீ எப்படி வாங்கின?” என்று கேட்டார் மாஸ்டர்.

“பொறுமைக்கு என்னைச் சோதிக்கவே இல்லைங்க. யாரு புருஷன்னு கேட்டாங்க. சொன்னேன். முழு மார்க் போட்டுட்டாங்க.”

பால் படிக்காரர்களுக்கு ஆராதனையில் இடமில்லை. ஞாயிறு பள்ளி மழலையர் அறையில்தான் உட்கார வேண்டும். முழங்கால் தாடையில் இடிக்கும் குட்டி நாற்காலியில் மாஸ்டர் உட்கார்ந்தார். சுற்றிலும் மூக்கொழுகும் சக விசுவாசிகள். முதல் வாரம் ஒருத்தி அவர் மடியில் தூங்கினாள். இரண்டாம் வாரம் மாஸ்டர் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டிக் காட்டினார். மூன்றாம் வாரம் முழுப் பால் படியும் சேர்ந்து ஹாரன் அடித்ததில், அந்தப் பக்கம் இச்சையடக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த டயர் மூப்பர் பயந்துபோய் ஓரம் ஒதுங்கினார்.

வீட்டில்தான் நிலைமை மோசம். பலவீனமானவர்களைத் தாங்கினால் சிவப்பு ரிப்பன்காரர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மாஸ்டரின் வீட்டு அழைப்பு மணி ஓயவில்லை. யாராவது வந்து சோபாவில் உட்கார்ந்து, அவரைக் கனிவோடு பார்த்து, பெருமூச்சுவிட்டு, தாங்கிவிட்டுப் போவார்கள். சிலர் இரண்டு பேராக வந்து, யார் முதலில் தாங்குவது என்று வாசலில் வாதாடினார்கள்.

ஒரு மாலை மனைவி தயங்கித் தயங்கி வந்து நின்றாள். “என்னங்க, கொஞ்சம் என்மேல எரிஞ்சு விழுங்களேன். இந்த மாசம் நான் பொறுமையைப் புதுப்பிக்கணும்.”

“எதுக்கு எரிஞ்சு விழணும்?”

“குழம்புல உப்பு இல்லைன்னு சொல்லுங்க.”

“உப்பு சரியாத்தானே இருக்கு!” என்று மாஸ்டர் எரிந்து விழுந்தார்.

“இது போதும்,” என்று சொல்லி அவள் மகிழ்ச்சியோடு போனாள்.

இதற்குள் சபையில் வேறொரு வியாதி பரவியிருந்தது. தாழ்மைக்கு அடையாளம் கடைசி இடம் என்று மூப்பர் பிரசங்கித்ததுதான் வினை. அடுத்த வாரம் முன் வரிசைகள் காலி; கடைசி பெஞ்சில் இடம்பிடிக்க முழங்கைச் சண்டை. கடைசி பெஞ்சு நிரம்பியதும், அதைவிடத் தாழ்மையானவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களை முந்த, பின்னால் வந்தவர்கள் படியில் நின்றார்கள். பிறகு கேட்டில். ஒரு மாதத்தில் சபை முழுவதும் தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விட்டது. பாஸ்டர் காலியான பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கிப்பார். மைக்செட்காரர் ஒலிபெருக்கியைக் கேட்டில் கட்டினார். ‘ஆமென்’ தெருவின் மறுகரையிலிருந்து, வண்டிகள் போன பிறகு, தாமதமாக வந்து சேரும்.

பாஸ்டருக்கும் சோதனை வந்தது. அவர் அடுத்த ஞாயிறு காலை தானாகவே மழலையர் அறைக்கு வந்து, மாஸ்டருக்குப் பக்கத்துக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டையில் வெள்ளை ரிப்பன்.

“என்ன பாஸ்டர், நீங்களுமா?”

“விசுவாசத்துல மார்க் போயிடுச்சு மாஸ்டர். ‘எப்பவாவது சந்தேகம் வந்திருக்கா?’ன்னு கேட்டார். ‘வந்திருக்கு’ன்னேன்.”

“வரலைன்னு சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா உண்மைக்கான மார்க் போயிருக்கும்.”

பக்கத்துக் குழந்தை பாஸ்டரின் ரிப்பனை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

கல்யாணம் நெருங்கியது. மகள் நேராக டயர் மூப்பரிடம் போனாள்.

“ஐயா, எங்கப்பாதான் என்னைக் கூட்டிட்டு வரணும். வேற யாரு கையையும் நான் பிடிக்க மாட்டேன்.”

“பாசம் இருக்கு, புரியுதும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. உங்கப்பாவுக்கு விலக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லா அப்பாவும் வந்து நிப்பாங்க. சிவப்பு ரிப்பன் உள்ளவங்க யாராவது கூட்டிட்டு வரலாம். யாரும் இல்லைன்னா நானே வர்றேன். இதுல எனக்குப் பெருமை ஒண்ணும் இல்லம்மா. என்கிட்ட இருக்கிறது தாழ்மை. அளவு உனக்கே தெரியும்.”

மகள் வீட்டுக்கு வந்து அழுதாள். பார்வை சோதிக்கிறவள்; எதிரில் இருப்பவருக்கு என்ன தெரிகிறது என்று கேட்டே பழகியவள். “அந்த மனுஷனுக்கு எதுவுமே தெரியலப்பா” என்று மட்டும் சொன்னாள்.

மாஸ்டர் தைத்து வந்த கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றி மாட்டினார். “போகட்டும்மா. அவரே கூட்டிட்டு வரட்டும். நீ நல்லா இருந்தா போதும்,” என்றார். பிறகு வெளியே போய், நின்றிருந்த காரில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் அல்ல, வழக்கமாகத் தான் உட்காரும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னலிலிருந்து பார்த்தாள். தன் சட்டையில் குத்தியிருந்த சிவப்பு ரிப்பனைக் கழற்றி, ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டாள். அது முதிர்ச்சியா முதிர்ச்சியின்மையா என்று கமிட்டி இன்னும் தீர்மானிக்கவில்லை.

கல்யாண நாள் காலை வெயில் நன்றாக அடித்தது. ஆலயம் நிறையப் பூ. பெஞ்சுகளில் ஒரு ஆள்கூட இல்லை. மாப்பிள்ளை பீடத்தின் முன் தனியாக நின்று, வேறு வேலை இல்லாததால், மின்விசிறியின் ஒயர் சரியாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மகளும் மாஸ்டரும் மனைவியும் வாசலில் காரிலிருந்து இறங்கினார்கள். சபை முழுவதும் எதிர்ப்பக்கத்தில், இரண்டு தெருக்களுக்கு நடுவே இருந்த பஸ் நிறுத்தத்தில் பட்டுடுத்தி நின்றது.

“எல்லாரும் உள்ளே போங்க!” என்று டயர் மூப்பர் கையசைத்தார்.

“நீங்க போங்க ஐயா,” என்றார் பல் டாக்டர். “நாங்க உங்களுக்குப் பின்னாடி.”

“எனக்குப் பின்னாடியா? நான்தான் எப்பவும் கடைசி.”

“அது போன மாசம். இப்ப நான் தாழ்மையை மறுபடி எழுதி நல்லாத் தேறியிருக்கேன்.” பல் டாக்டர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

மூப்பர் இரண்டு அடி வைத்தார். நில அளவையாளர் தூரத்தைக் கண்ணால் அளந்து, மூன்று வைத்தார். சபையே வணங்கி, வழிவிட்டு, பின்வாங்கியது. நடைபாதை முடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் அடுத்த தெரு. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று, கதவைத் திறந்தது.

“கிடையவே கிடையாது, நீங்கதான் முதல்ல,” என்று சொல்லியபடி டயர் மூப்பர் கடைசி அடியைப் பின்னால் எடுத்து வைத்தார். அது பஸ் படியில் விழுந்தது. ஏறியவர் உள்ளே போகட்டும் என்று பஸ்ஸுக்குள் இருந்த யாரோ அவர் தோளைப் பிடித்து இழுத்தார்கள். கதவு மூடியது. பஸ் புறப்பட்டது. பின் கண்ணாடியில் அவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். ஆசீர்வதிக்கிறாரா, நிறுத்தச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்தது.

மெல்ல எங்கள் ஒவ்வொருவருக்கும் உண்மை உறைத்தது. அவரை விடக் கடைசியாக இனி யாராலும் நிற்க முடியாது. போட்டி முடிந்துவிட்டது. வெயில் வேறு. தெருவைக் கடந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, சாதாரண மனிதர்களைப் போல உள்ளே போய், மின்விசிறிக்குக் கீழே இருந்த இடங்களைப் பிடித்தோம்.

மழலையர் அறையிலிருந்து பாஸ்டர் வந்தார். பின்னால் பால் படி முழுவதும் கைகோத்து வந்தது.

“பாஸ்டர், விதிப்படி நீங்க இன்னும்…” என்று தொடங்கினார் பல் டாக்டர்.

“பெண்ணைக் கொடுக்கிறது யாரு?” என்று பாஸ்டர் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். மைக் இல்லாமலே தெரு வரைக்கும் கேட்டது.

“நான்,” என்றார் மாஸ்டர். மகள் அவர் கையை அதற்கு முன்பே பிடித்திருந்தாள். அவர் நடக்கத் தொடங்கினார், பாதி வழியில் நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். முன்னால் எதுவும் தெரியவில்லை.

மகள் குனிந்து காதில் சொன்னாள்: “மெதுவாப்பா. நான் இருக்கேன் பக்கத்துல.”

போனார்கள்.

விருந்து முடியும் தறுவாயில் டயர் மூப்பர் வந்து சேர்ந்தார். அது வழியில் எங்கேயும் நிற்காத பஸ். கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பியிருந்தார். கோட்டில் யாரோ ஒரு பயணியின் கோழி எச்சமிட்டிருந்தது. கூடத்தில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மாஸ்டர்தான் எழுந்து போய், தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தட்டை வைத்தார்.

மூப்பர் உட்கார்ந்தார். வேண்டாம் என்று ஒரு முறை கூடச் சொல்லவில்லை. நல்ல பசி. தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். பாதித் தட்டு காலியான பிறகு, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்:

“உங்க வீட்டுக்கு நிறையப் பேரு வந்தாங்களாமே?”

“ஆமாங்கய்யா. என்னைத் தாங்குறதுக்கு. உட்கார சோபாவுல இடமில்ல.”

“என் வீட்டுக்கு ஒருத்தரும் வரல.” அவர் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார். “என்கிட்ட தாங்குறதுக்கு எதுவும் இல்லைன்னு ஆயிடுச்சு. நான்தானே அப்படி மார்க் போட்டேன். வீட்டுக்காரி தவறிப்போனதுக்கப்புறம் காலிங் பெல் வேலை செய்யுதான்னே தெரியல.”

அந்த மனிதர் மீது இத்தனை வாரமாகச் சேர்த்து வைத்த கோபம் மாஸ்டரின் நெஞ்சில் அப்படியேதான் இருந்தது. ஆனால் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. இன்னொரு கரண்டி அள்ளி வைத்தார்.

“வர்ற வெள்ளிக்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் வர்றோம். மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து பெல்லையும் பார்க்கச் சொல்றேன்.”

“எதுக்கு வர்றீங்க? நான் சிவப்பு ரிப்பன், என்கிட்ட பொறுமையா இருந்தா மார்க் கிடையாதே தம்பி.”

“உங்ககிட்ட பொறுமையா இருக்கிறது லேசுன்னு யாருங்கய்யா சொன்னது?”

டயர் மூப்பர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் விளையாட்டாகத்தான் சொன்னாரா என்று முகத்தில் தேடினார். விளையாட்டு இல்லை என்று கண்டுபிடித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சாப்பாடு இருந்ததால் புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினார். மாஸ்டர் முதுகில் தட்டினார்.

தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே தட்டினார் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். மாஸ்டர் அதை மறுப்பதில்லை.